கள்ளச்சாவி

திண்டுக்கல் என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு: மலைக்கோட்டை ஒன்று, பூட்டு மற்றொன்று. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதற்காக எழுப்பப்பட்டது கோட்டை. அதே வேலையைச் சிறிய அளவில் செய்வது பூட்டு. கோட்டையின் அதிகாரம் போய்விட்டது. இன்று அது காட்சிப் பொருள். பூட்டின் அதிகாரம் போகவில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதை அடித்த கைகளுக்குக் கிடைத்த கூலி என்னவென்று கேட்டால், பட்டறையில் அமர்ந்து அரம் போடுகிறவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்காது.

அத்தகைய பூட்டுத் தொழிலாளி ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நான் ஆசிரியன், அவர் மகள் என் மாணவி. மேல்நிலை வகுப்பை எங்கள் அரசுப் பள்ளியில் முடித்துவிட்டு, விலங்கியல் பட்ட வகுப்பில் சேர்ந்திருப்பவள். வயதில் என்னைவிட இருமடங்கு மூத்தவர் அவர். "வாத்தியார் தம்பி" என்றுதான் அழைப்பார். அன்று என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, ஒரே ஒரு கையெழுத்துதான். நீங்க சொன்னா அந்த ஹெட்மாஸ்டர் போட்டுக் கொடுப்பாரு. பிள்ளை வாழ்க்கை அதுல இருக்கு."

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைப் பெற்றுத் தருவது அறமா, மறுப்பது அறமா? எளிதாக விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அன்றிரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. பகுத்தறிவைத் துணைக்கொண்டு வாழ விரும்பும் இளைஞர்கள், இதற்கு விடை காணுமுன் என்னுடன் சற்று நடந்து வரவேண்டும்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயதுவரை அவள் வளர்ந்தது நிலக்கோட்டைப் பக்கம், தாய்வழிப் பாட்டியின் ஊரில். எங்கள் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேற்பூச்சு கெடும். பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாய்க் கறையேறி முளைக்கும். தேய்த்தால் போகாது, சாம்பலுக்கும் போகாது, பற்பசைக்கும் போகாது. அப்படிப்பட்ட பற்கள் அவளுக்கு. வகுப்பில் சிரிக்க நேர்ந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அவள் குடித்த கிணற்று நீர் எழுதிய எழுத்து என்று.

"பல் விளக்காத பிள்ளை" என்று மற்றக் குழந்தைகள் கேலி செய்தார்களாம். முற்பிறவிப் பாவம் என்றாளாம் பக்கத்து வீட்டுக்காரி. பாவமன்று, புளோரைடு என்று அவளுக்குச் சொன்னது ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. அன்று முதல் அவளுக்கு ஒரே நினைப்பு: பல் மருத்துவம் படிக்க வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை விளையும் மண் இது. சுருட்டுக்குப் பெயர்பெற்றிருந்த ஊர் இது. புகையிலையை மென்று வாய்க்குள் புண்ணோடு திரியும் முதியவர்களை அவள் தெருவிலேயே காண்கிறாள். வலி பொறுக்க முடியாத நாளில்தான் ஏழை பல் மருத்துவரிடம் போகிறான். போகிற அன்றே பல்லை இழந்து வருகிறான். இந்த மண்ணுக்கு ஒரு பல் மருத்துவர் வேண்டும் என்றால், இந்த மண்ணின் நோவை வாயிலேயே சுமக்கும் இவளைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆனால் பொருத்தம் வேறு, தகுதி வேறு என்கிறது நாடு. தகுதியை அளக்க ஒரு கோல் வைத்திருக்கிறது. அதன் பெயர் நீட். மூன்று மணி நேரம், 180 வினா, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூட்டல். தவறான விடைக்கு ஒன்று கழித்தல். நான்காண்டுப் பல் மருத்துவப் படிப்புக்கும், அதன் பின் வரும் ஓராண்டுப் பயிற்சிக்கும் வாசல் இந்த மூன்று மணி நேரம்தான்.

இவள் எப்படிப் படித்தாள்? காலையில் கல்லூரி. மாலையில் ஒரு மருந்துக் கடையில் நான்கு மணி நேர வேலை. இரவில் பத்தரைக்கு மேல் புத்தகம். பயிற்சி நிலையத்துக்குக் கட்டப் பணம் இல்லை. பழைய வினாத்தாள்களும், யாரோ படித்து முடித்துக் கொடுத்த நூல்களும்தான் துணை. விலங்கியல் பட்ட வகுப்பின் தேர்வு ஒரு பக்கம், பள்ளிப் பாடத்தை மீண்டும் உருப்போட வேண்டிய கட்டாயம் மறு பக்கம். இரண்டு படகில் கால் வைத்தவளுக்கு இரண்டும் ஆடின. கல்லூரியில் ஒரு தாளில் தவறினாள். நீட்டில் சென்ற முறையைவிட மதிப்பெண் கூடிற்று. தகுதிக் கோட்டையும் தாண்டினாள். ஆயினும் பொதுப் பட்டியலிலோ அவள் வகுப்புக்குரிய பட்டியலிலோ இடம் எட்டும் தொலைவில் இல்லை.

எட்டும் தொலைவில் ஒரு வாசல் இருந்தது. 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவம், பல் மருத்துவம் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 400 பேர்க்கு வழி திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் மதிப்பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் பல் மருத்துவ இடம் கிடைக்கக்கூடும்.

ஆனால்! வாழ்க்கையைக் கெடுக்கும் ஆனால் ஒன்று இங்கும் உண்டு. ஏழு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த அவள், ஆறாம் வகுப்பு ஓராண்டை மட்டும் வீட்டுக்கு அடுத்த தெருவிலிருந்த அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் படித்துவிட்டாள். அங்கும் அரசின் ஊதியம் பெறும் ஆசிரியர்தாம், அங்கும் அரசு தரும் பாடநூல்தான், அங்கும் சத்துணவுதான். ஆயினும் அது "அரசுப் பள்ளி" ஆகாது. ஏழாண்டில் ஓராண்டு குறைகிறது. வாசல் மூடிக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு தரகன் வருகிறான். எங்கே கதவு மூடுகிறதோ அங்கே தரகன் வருவான்; அது இயற்கை விதிபோல ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பையும் அரசுப் பள்ளியிலேயே படித்ததாக ஒரு சான்றிதழ் ஏற்பாடு செய்யலாம், ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து மட்டும் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் சொல்லியிருக்கிறான். அந்தத் தலைமையாசிரியர் எனக்குத் தெரிந்தவர். அதனால்தான் அந்தத் தந்தை என் திண்ணைக்கு வந்தார்.

தோழர்களே! பொய்ச் சான்றிதழ் தவறு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. வயிறு நிறைந்தவன் பட்டினி கிடப்பவனுக்கு ஒழுக்கம் உபதேசிக்கும் கதைதான் அது. ஆகவே, அந்தத் தந்தையின் பக்கத்து வழக்கை, அவருக்கு நாவன்மை இருந்தால் எப்படி எடுத்துரைப்பாரோ, அப்படி நானே எடுத்துரைக்கிறேன்.

அவர் கேட்கலாம்: "தகுதிக்கோடு என்கிறீர்களே, அது கல்லில் வெட்டிய கோடா? பல் மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழ 7000 இடங்கள் காலியாகக் கிடந்தபோது, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைப் பத்துப் படி கீழே இறக்கச் சொல்லவில்லையா? 2023இல் மருத்துவ மேற்படிப்புக்கு அதே கோட்டைச் சுழியம் வரை இறக்கவில்லையா? தேர்வு எழுதினாலே தகுதி என்று ஆகவில்லையா? பணம் கொடுத்து நிரப்ப வேண்டிய இடம் காலியாக இருந்தால் கோடு குனிகிறது. பணமில்லாத என் மகள் வந்து நின்றால் மட்டும் கோடு நிமிர்கிறதே, ஏன்?"

இன்னும் கேட்கலாம்: "2019இல் ஆளை மாற்றித் தேர்வெழுத வைத்து ஒருவர் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது வெளியாயிற்றே, 2024இல் வினாத்தாள் பட்னாவிலும் அசாரிபாக்கிலும் கசிந்ததாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கு நடத்திற்றே, அவ்வாண்டு முதலில் 67 பேர் 720க்கு 720 எடுத்ததாக அறிவித்து, பின்னர் அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்களே! பெரிய திருட்டு நடக்கும் சந்தையில், என் மகளின் ஓராண்டுக் குறையை மறைப்பதா பெருங்குற்றம்?"

இறுதியாக அவர் வள்ளுவரையே அழைக்கலாம். குற்றமில்லாத நன்மையை விளைவிக்குமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று சொன்னவர் அவர்தாமே! "என் மகள் பல் மருத்துவராகி இந்த ஊருக்கு வருவது நன்மையல்லாமல் வேறென்ன?"

வழக்கு வலுவானது. நான் மறைக்கவில்லை, அன்றிரவு அந்த வழக்கின் பக்கம்தான் என் உள்ளம் சாய்ந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்து, அந்தத் தலைமையாசிரியரின் எண்ணைத் தேடவும் செய்தேன்.

அந்த வழக்கில் உண்மை எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். "தகுதி" என்ற சொல்லின் வரலாறு நமக்குப் புதிதன்று. இந்த மாநிலத்தில் கல்லூரிக் கதவின் பூட்டு பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது. 1928இல் வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுகளாய் உள்ளே விடப்படாதவர்க்கு வாசல் சற்றுத் திறந்தது. அரசமைப்புச் சட்டம் வந்ததும், அந்த ஆணையால் மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். உண்மையில் அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

1984இல் மாநில நுழைவுத் தேர்வு என்னும் பூட்டு தொங்கிற்று. 2007இல் அது கழற்றப்பட்டது. 2013இல் நீட் வந்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 2016இல் அதே மன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் அந்தப் பூட்டு தொங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதாவை அவ்வாண்டுதான் இழந்தோம். நீட்டுக்குப் பின் தமிழ்வழி மாணவரின் பங்கு சரிந்ததை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்துக்காட்டிற்று. விலக்குக் கோரும் சட்டம் 2021லும் 2022லும் இருமுறை பேரவையில் நிறைவேறிற்று. ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் வந்தது.

எனவே தகுதிக்கோடு வானத்திலிருந்து இறங்கியதன்று; மனிதர் கிழித்தது, மனிதர் அழித்தது, மீண்டும் மனிதர் கிழித்தது. மதிப்பெண்ணே தகுதி என்ற நம்பிக்கையைக் கேலி செய்ய மைக்கேல் யங் என்ற ஆங்கில அறிஞர் 1958இல் ஒரு நூல் எழுதினார். திறமையாளர் மட்டுமே ஆளும் சமுதாயம் எவ்வளவு கொடியதாகும் என்று காட்ட அவர் பயன்படுத்திய சொல்லை, பின்னர் வந்தவர்கள் புகழுரையாக எடுத்துக்கொண்டார்கள்! நெதர்லாந்து நாட்டில் 1972 முதல் பல்லாண்டுகள் மருத்துவக் கல்லூரி இடங்களைக் குலுக்கல் முறையில் வழங்கினார்கள். பள்ளி மதிப்பெண் கூடுதலாக இருந்தால் வாய்ப்புக் கூடும். ஆனால் குறைந்தவர்க்கும் வாய்ப்பு அற்றுப்போகாது. அந்த நாட்டில் மருத்துவம் செத்துவிடவில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 2022 ஜனவரியில், திறந்த போட்டித் தேர்வின் மதிப்பெண் ஒன்றையே தகுதியாகச் சுருக்கிவிடக் கூடாது என்று தெளிவாக எழுதிற்று.

நாமும் நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். நுழைவுத் தேர்வு இல்லாத 2007 முதல் 2016 வரையிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் குவிந்துவிடவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றிய உறைவிடப் பள்ளிகள் அன்றும் வாசலில் முன் நின்றன. பூட்டு எதுவானாலும், சாவியை விலைக்கு வாங்க வல்லவன் முந்துகிறான். அதனால்தான் 7.5 விழுக்காடு என்னும் தனி வாசல் தேவைப்பட்டது.

ஆக, அந்தத் தந்தையின் குற்றச்சாட்டு முழுவதும் உண்மை. கோடு அநீதியானது, கோட்டைக் காப்போரில் பலர் நேர்மையற்றவர். ஓராண்டு உதவி பெறும் பள்ளியில் படித்ததற்காக ஒரு கூலித் தொழிலாளியின் மகளை விலக்குவது, அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே பொருந்தவில்லை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின், பொய்ச் சான்றிதழ் வாங்கலாம் என்றுதானே முடிவு வரவேண்டும்?

வராது. ஏன் வராது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஓர் இரவு ஆயிற்று.

விடியற்காலையில் எனக்கு அந்தத் தந்தை முன்பொருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது. உள்ளே உள்ள லீவர்களை ஒவ்வொன்றாய் அரம் போட்டு அந்தச் சாவிக்கென்றே இழைப்பார்கள். ஒன்றுக்கு இழைத்தது மற்றொன்றைத் திறக்காது. அதனால், சில நேரங்களில் சோப்புக்கட்டியில் சாவியின் அச்சை எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்களாம். "இதுக்கு ஒரு சாவி போட்டுக் கொடுங்க" என்பார்களாம். "கூலி எத்தனை மடங்கு கொடுத்தாலும் போட மாட்டேன் தம்பி. பூட்டைக் கொண்டா, வீட்டுக்காரனைக் கூட்டிக்கிட்டு வா, போட்டுத் தாரேன். சோப்புல வர்ற சாவி எந்த வீட்டைத் திறக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எந்த வீட்டைத் திறக்கும்? அதுதான் கேள்வி!

அந்தச் சான்றிதழ் எந்த வீட்டைத் திறக்கும்? அரசின் கருவூலத்தையா? இல்லை. பணக்காரனின் மாளிகையையா? இல்லவே இல்லை. 7.5 விழுக்காட்டுப் பட்டியல் ஒரு வரிசை. இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. நடுவில் ஒரு பெயரைச் செருகினால் கடைசியில் ஒரு பெயர் விழும். விழும் பெயர் யாருடையது? அந்த வரிசையில் நிற்க அனுமதிக்கப்பட்டவர் அனைவரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். ஆகவே விழுவது பணக்காரன் பிள்ளையாக இருக்கவே முடியாது. நத்தம் பக்கத்து மாந்தோப்பில் காவல் காப்பவனின் மகளாக இருக்கலாம். சிறுமலையில் வாழைத்தார் சுமப்பவனின் மகனாக இருக்கலாம். வேடசந்தூர் நூற்பாலைக்குப் போகாமல் தப்பித்துப் படித்த பெண்ணாக இருக்கலாம். அவளும் இரவு பத்தரைக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட்டிருப்பாள். அவள் பற்களிலும் கறை இருக்கலாம். அவள் தந்தைக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தன் மகள் "ஒரு நம்பரில்" தவறிவிட்டாள் என்று மட்டும் தெரியும். அவர் எந்தத் திண்ணைக்குப் போய் முறையிடுவார்?

வினாத்தாள் திருடியவன் பணக்காரன், அவனுக்கு எதிராகத்தான் இந்தப் பொய் என்றால், இந்தப் பொய் அவனைத் தொடவே இல்லையே! அவன் பொது வாசலில் நிம்மதியாக நுழைந்துவிட்டான். நாமோ நம் குடிசை வரிசைக்குள் ஒருவர் அடுப்பை ஒருவர் அணைத்துக்கொள்கிறோம். வள்ளுவர் வைத்த நிபந்தனை இங்கேதான் தவறுகிறது. விளையும் நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது என்றார் அவர். ஓர் ஏழைப் பெண்ணின் கையிலிருந்து பறித்து மற்றோர் ஏழைப் பெண்ணின் கையில் வைத்தது எப்படிக் குற்றமற்ற நன்மையாகும்?

விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குச் சென்று இதைத்தான் சொன்னேன். தந்தை ஒன்றும் பேசவில்லை. சோப்புக்கட்டியை நான் நினைவூட்டியபோது மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டார். பேசியது அவள்தான்.

"பூட்டே தப்பா இருந்தா என்ன சார் செய்றது? அந்தக் கடைசிப் பெயருக்காக நீங்க இவ்வளவு யோசிக்கிறீங்க. எனக்காக யார் யோசிச்சா?" என்று கேட்டவள், சற்று நிறுத்தி, "உங்களுக்கு வேலை இருக்கு சார்" என்றாள்.

சுட்டது. பொய் சொல்லவில்லை அவள். மாதம் பிறந்தால் ஊதியம் வாங்குகிறவன், ஒழுக்கத்தின் விலையைத் தான் கொடுக்காமல் மற்றவரைக் கொடுக்கச் சொல்வது அற்பமான செயல். அறம் பேசுகிறவன் அந்த அறத்தால் வரும் இழப்பில் பங்கு கொள்ள வேண்டும். பங்கு கொள்ளாத அறம் வெறும் அறிவுரை. அதை அன்று அவளிடம் கற்றுக்கொண்டேன்.

பூட்டே தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற அவள் கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். தவறான சட்டத்தை மீறுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன்; அப்படிச் சொன்னால் இந்த நாட்டின் வரலாற்றையே பழிக்க வேண்டியிருக்கும். 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் சட்டத்தை மீறினார்கள். 1938இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள் ஆணைகளை மீறினார்கள். 1957 நவம்பர் 26இல் சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளைக் கண்டித்து, அந்தச் சட்ட நூலின் தாள்களைக் கொளுத்திய தோழர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தார்கள். இவர்களுக்கும் பொய்ச் சான்றிதழுக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் பட்டப்பகலில் மீறினார்கள். "நான்தான் மீறினேன், இந்தச் சட்டம் அநீதி" என்று உரக்கச் சொன்னார்கள். தண்டனையைத் தாங்கள் ஏற்றார்கள். பொய்ச் சான்றிதழோ இருட்டில் பிறக்கிறது. "விதி சரியானதுதான், நான் அந்த விதிக்கு உட்பட்டவள்தான்" என்று அநீதியான விதிக்கே அது சாட்சி சொல்கிறது! தண்டனையையோ பெயர் தெரியாத மற்றொரு பிள்ளை அனுபவிக்கிறது. முன்னது பூட்டை உடைக்கிறது. பின்னது பூட்டை அப்படியே வைத்துவிட்டு ஒருவர் மட்டும் நுழைந்துகொள்கிறது. அடுத்த ஆண்டு அதே ஓராண்டுக் குறையோடு வரும் பிள்ளைக்கு அதே பூட்டு காத்திருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. இந்த ஒதுக்கீட்டை வெறுப்போர் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பொய்ச் சான்றிதழ் ஒன்று பிடிபட்டால் போதும். "பார்த்தீர்களா, இதெல்லாம் ஏமாற்று" என்று முழங்குவார்கள். நேர்மையாய் உள்ளே நுழைந்த ஆயிரம் பிள்ளைகளின் வெள்ளை அங்கியிலும் அந்தக் கறை தெறிக்கும். அந்தக் கறையையும் எந்தப் பற்பசையும் போக்காது.

நான் கையெழுத்துக் கேட்கவில்லை. அவளுக்கு அவ்வாண்டு இடமும் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் நிருவாக ஒதுக்கீட்டில் சேர இலட்சங்கள் வேண்டும். அந்தக் குடும்பம் அந்தச் சொல்லைப் பூட்டு விலைப் பட்டியலில்கூடக் கண்டதில்லை. இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நான் சரியானதைத்தான் செய்தேன் என்று அறிவு சொல்கிறது. ஆனால் அவள் தெருவைக் கடக்கும்போது என் நடை இன்றும் தளர்கிறது. அறம் செய்தவனுக்கு நிம்மதி பரிசாகக் கிடைக்கும் என்பது புராணக் கதை. பகுத்தறிவாளர் அதை நம்ப வேண்டியதில்லை. நிம்மதி கிடைக்காது என்று தெரிந்தும் செய்ய வேண்டியதைச் செய்வதுதான் நம் வழி.

இரண்டு மாதம் கழித்து அவளே வந்தாள். கையில் ஒரு தாள். உதவி பெறும் பள்ளியில் ஓரிரு ஆண்டு படித்த ஏழைப் பிள்ளைகளையும் இந்த ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும் என்று அரசுக்கு எழுதிய மனு. தன் கதையைத் தன் பெயரிட்டு எழுதியிருந்தாள். எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பதை ஒளிக்காமல் எழுதியிருந்தாள். "பிழை திருத்திக் கொடுங்க சார்" என்றாள். இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தினேன். என் பெயரையும் கீழே எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று தர மறுத்த கையெழுத்துக்கு ஈடாக நான் தந்த கையெழுத்து இது.

இப்போது வாரத்தில் நான்கு மாலை எங்கள் திண்ணையில் ஒன்பது பேர் படிக்கிறார்கள். அவளும் படிக்கிறாள், இயற்பியலில் அவள் தடுமாறுவதும், தெரியாத வினாவுக்கு ஊகித்து விடையெழுதி ஒவ்வொன்றாய் மதிப்பெண் இழப்பதும்தான் அவள் உண்மையான குறைகள் என்று கண்டோம். தவறிய விடைகளை ஒரு தனி ஏட்டில் எழுதி, ஏன் தவறிற்று என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். மருந்துக் கடை வேலையை இரண்டு மணி நேரமாகக் குறைக்க முடிந்தது. ஈடு செய்வது எங்கள் ஆசிரியர் சிலரின் பொறுப்பு. கல்லூரியில் தவறிய தாளை எழுதித் தேறிவிட்டாள். நீட் எழுத முறைக் கணக்கும் இல்லை, இப்போது வயது உச்ச வரம்பும் இல்லை. வெல்வாளா? தெரியாது. வெல்லாவிட்டால் விலங்கியல் பட்டம் இருக்கிறது. அதைக் கொண்டு வாழும் வாழ்க்கை தாழ்ந்ததன்று என்பதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் முயலுமுன்பே அதைச் சொல்லி ஆறுதல் தேட அவளுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை.

திண்டுக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆண்டுக்கு 150 இடம். புதுக்கோட்டையில் 2023இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டடங்கள் நம் பக்கத்தில் வந்துகொண்டிருக்கின்றன; கதவுகள்தாம் இன்னும் தொலைவில் இருக்கின்றன. அந்தக் கதவுகளின் பூட்டை மாற்றக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மன்றத்தில் கேட்போம், மனுவில் கேட்போம், தேவைப்பட்டால் தெருவில் நின்று கேட்போம். கேட்கும்போது நம் கையில் சோப்புக்கட்டி இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும் தோழரே, உங்கள் தெருவிலும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். பட்டம் பெற்றவர் நீங்கள். வாரத்தில் ஒரு மாலை அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். அதன் பிறகு அறத்தைப் பற்றி அதனிடம் பேசுங்கள். அப்போது அந்தப் பிள்ளை கேட்கும்.